விசில்காரரின் புதுப்பல்

அந்த இரும்புக் கிடங்கில் அவரை விசில்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கிடங்கு என்றதும் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்டவாளம், அதன்மேல் குறுக்கே ஓடும் கிரேன், கிரேனின் ஓரத்தில் தொங்கும் ஒரு கூண்டு. அந்தக் கூண்டில் உட்கார்ந்துதான் கிரேன்காரர் கைப்பிடிகளை அசைப்பார். கீழே இரும்புத் தகடும் உத்திரமும் குழாயும் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். கூண்டிலிருந்து பார்த்தால் அடுக்கின் தலை தெரியும், இரண்டு அடுக்குக்கு நடுவில் இருக்கும் தரை தெரியாது. ஆட்கள் நின்று சங்கிலி மாட்டுவதோ அந்தத் தரையில்தான்.

ஆக, மேலே இருப்பவர் பாதிக் குருடர். கீழே இருப்பவர் சொல்வதை நம்பித்தான் டன் கணக்கில் இரும்பைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். விசில்காரர் அந்த இடுக்கில் நின்றுகொண்டு விசிலடித்துச் சொல்வார். குட்டையாக ஒன்று என்றால் தூக்கு. குட்டையாக இரண்டு என்றால் இறக்கு. நீளமாக ஒன்று என்றால் அசையாதே, அப்படியே நில். பாரம் ஆடாமல் இருக்க அதில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருப்பார் என்பதால் விரல் வைத்து விசிலடிக்க வழியில்லை. வாய்தான். மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவில் பிறவியிலேயே ஒரு சந்து. நாக்கு நுனியை அங்கே கொடுத்து ஒரு ஊது ஊதினால் வெட்டும் மிஷின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கூண்டு வரைக்கும் போகும்.

கூண்டில் இருந்த கிரேன்காரர் அந்நியர் இல்லை. விசில்காரரின் தங்கை புருஷன். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் கூட்டாளிகள். "என் தங்கச்சிக்கு உன்னை விட்டா வேற யாருடா" என்று தோளில் கைபோட்டுப் பேசி முடித்ததே விசில்காரர்தான். அன்றிலிருந்து அவர் இவரை மச்சான் என்பார், இவர் அவரை மாப்ளே என்பார். ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். இவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் கூட உண்டு.

அப்படி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது ஒரே ஒரு வரியால். விசில்காரருக்கு நடுவயது தாண்டியதும் ஈறு கரைய ஆரம்பித்தது. பல் ஒவ்வொன்றாக நீண்டது, விலகியது, ஆடியது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தே காலத்தை ஓட்டினார். மகள் கல்யாணத்தில் குடும்பமாகப் படம் எடுக்க நின்றபோது, படம் எடுப்பவர், "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்றார். கிரேன்காரர் கூட்டத்தின் நடுவிலிருந்து, "ஐயையோ வேணாம்! மச்சான் வாயைத் திறந்தா கேமரா ஓடிடும்" என்றார். சம்பந்தி வீடு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளைப் பையன்கூடச் சிரித்தான்.

விசில்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். அதோடு சரி. கிரேன்காரர் வாய்த்துடுக்கு, மனசில் ஒன்றும் கிடையாது என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். மனசில் ஒன்றும் இல்லாமல் சொன்னால் வலிக்காதா என்ன? விசில்காரருக்கு வலித்தது. தன் மகள் கால் வைக்கப் போகும் வீட்டுக்காரர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பிறகு யாரோடு பேசினாலும் துண்டை வாயோரம் வைத்துக்கொண்டே பேசினார். கிரேன்காரரோடு பேசவே இல்லை. அவரும் ஆரம்பத்தில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "போடா, ரொம்பத்தான் பண்றான்" என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேலை மட்டும் நடந்தது. பேச்சுத்தான் கிடையாதே தவிர, விசில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பல் விலக விலக விசில் மட்டும் அருமையாகிக்கொண்டே போனது. நடுவில் நிர்வாகம், சூப்பர்வைசருக்கும் சேர்த்து, மூன்று வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்தது. இரண்டு பேருமே தொடவில்லை. "விசில் இருக்கறப்ப அது எதுக்கு?" என்றார் ஒருவர். "அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்றார் மற்றவர். உண்மைக் காரணம் கிடங்குக்கே தெரியும். பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்குப் பேசுகிற பெட்டி எதற்கு? வாக்கி டாக்கிகள் உறை பிரிக்காமல் சூப்பர்வைசரின் அலமாரிக்குள் தூங்கின.

கடைசியில் பல்லே வேலை நிறுத்தம் செய்துவிட்டது. மெல்ல முடியவில்லை, இரண்டு கன்னமும் மாறி மாறி வீங்கின. மகள் நேரில் வந்து சண்டை போட்டு, பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் சின்ன வயதுப் பெண், நறுக்கென்று பேசுகிறவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒண்ணும் தேறாது. எல்லாத்தையும் எடுத்துட்டுத் தாடை எலும்புல ஸ்க்ரூ வச்சு, அதுமேல மொத்தமா பல்லு கட்டிடலாம்" என்றார்.

"ஸ்க்ரூன்னா என்ன இரும்பும்மா?"

"இரும்பு இல்லைங்க. டைட்டானியம்."

"எங்க கிடங்குல அது வராது" என்று மட்டும் சொன்னார் விசில்காரர். சம்மதம் என்று மகள் எடுத்துக்கொண்டாள்.

விசிலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதுதான் அவர் செய்த முட்டாள்தனம். நாக்கும் மூச்சும்தான் விசிலடிக்கிறது, பல் சும்மா வேலி மாதிரி நிற்கிறது என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழைய பல்லெல்லாம் போய், மேலே கீழே ஸ்க்ரூ இறங்கி, எலும்பு பிடிக்கிற வரைக்கும் என்று தற்காலிகமாக ஒரு பல்வரிசையும் ஏறியது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தார். முகம் அவருடையதுதான், வாய் யாரோ பெரிய உத்தியோகஸ்தருடையது. வரிசை பிசகாத பல். சந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. நாக்கு அந்த இடத்தைத் தேடித் தேடி முட்டிக்கொண்டு திரும்பியது.

முதல் சில வாரம் வாய் மரக்கட்டையாகத்தான் இருந்தது. மென்மையானதைத் தவிர எதையும் தின்னக் கூடாது என்று கட்டளை. மனைவி சோற்றையும் பருப்பையும் மிக்ஸியில் போட்டு அடித்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள். "குழந்தைக்குச் சோறு ஊட்டி எத்தனை காலமாச்சு, கை பழகட்டும்" என்று கிண்டல் வேறு. சொந்தப் பல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒன்று இருக்குமாம், எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதை அதுதான் மூளைக்குச் சொல்லுமாம். எலும்பில் நிற்கும் பல்லுக்கு அது கிடையாது. அதனால் ஸ்பூனை 'டக்'கென்று கடித்துவிடுவார். அந்த 'டக்' காதுக்குள்ளேயே கேட்கும். வாயோரம் ஈரம் வழிவது அவருக்கே தெரியாது. மனைவி, "என்னங்க, துடைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், கடைசியில் தன் வாயோரத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினாள். அதுவே வீட்டில் ஒரு ஜாடையாகிவிட்டது.

பல்லுக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்ய ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். மனைவி அதற்கு வைத்த பெயர் பம்பு செட். "பம்பு செட் ஓட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். முதல் நாள் அது குளியலறைச் சுவரை நனைத்தது, கண்ணாடியை நனைத்தது, அவரையும் நனைத்தது, பல்லைத் தவிர எல்லாவற்றையும் சுத்தம் செய்தது. போகப் போகக் கை பழகிவிட்டது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கடிக்கத்தான் கூடாதே. வலி குறைந்தது, வீக்கம் வடிந்தது. ஒரு நாள் மகளோடு வீடியோவில் பேசும்போது துண்டை எடுக்க மறந்துபோய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மகள் அந்தப் பக்கம் போனை முகத்துக்குக் கிட்டே இழுத்து, "அப்பா, இன்னொரு தடவை" என்றாள்.

விசில்தான் வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஊதிப் பார்த்தார். காற்று வந்தது, எச்சில் வந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் பேசும்போது, கேட்காமலே, வேண்டாத இடத்தில் வந்தது. 'சாப்பாடு' என்றாலும் 'சாவி' என்றாலும் அந்தச் 'சா'வுக்கு முன்னால் ஓர் 'உய்'. பக்கத்து வீட்டு நாய் ஒரு தடவை எழுந்து வந்து வாசலில் நின்று என்ன என்று கேட்பது போலப் பார்த்தது.

மருத்துவரிடம் போய் நின்றார். "டாக்டரம்மா, நடுவுல கொஞ்சம் சந்து விட்டுக் கட்ட முடியுமா?"

"நல்லாத்தானே இருக்கு. சந்து எதுக்கு?"

சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "கடைசியாக் கட்டற பல்லுல வேணும்னா விடலாம். ஆனா பழைய விசில் வரும்னு நான் வாக்குத் தர மாட்டேன். பல்லோட கனம், நாக்கு போற வழி எல்லாமே மாறிடுச்சு. பேச்சு சரியாகும், அதுக்கு நான் கேரண்டி. தினமும் சத்தம் போட்டுப் படிங்க."

அதற்கப்புறம் தினமும் காலையில் செய்தித்தாளை உரக்கப் படித்தார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். செய்தியில் 'சட்டசபை' வந்தால் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். பிறகு, "இன்னொரு தடவை படிங்க, இப்ப சிரிக்க மாட்டேன்" என்பாள்.

வேலைக்குத் திரும்பும்போது கடையில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். சூப்பர்வைசருக்கு இஷ்டமில்லை. ஆனால் இவர் இல்லாத நாட்களில் இடுக்குகளில் இருந்த சரக்கை யாரும் தொடவில்லை, வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. சரி, பார்ப்போம் என்று விட்டார். சங்கிலி மாட்டுகிற வேலையில் இருந்தவனுக்குக் கிடங்கில் பெயரே சங்கிலி. வாட்டசாட்டமான ஆள், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். இவரைப் பார்த்ததும், "அண்ணே! அடையாளமே தெரியல, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பிளாஸ்டிக் விசில் காலையில் பிழைத்தது. உதடு அதை இறுக்கிப் பிடிக்காமல் நழுவியது, பல்லில் இடித்து 'டக் டக்' என்றது. இருந்தாலும் கிரேன் தூக்கியது, இறக்கியது, நின்றது. மதியத்துக்கு மேல் உத்திரக்கட்டு ஒன்று தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் வைக்கும் மரக்கட்டை கோணலாக இருக்கிறதென்று சங்கிலி குனிந்து கையை உள்ளே நீட்டினான். விசில்காரருக்கு உயிரே போய்விட்டது. வாயிலிருந்த பிளாஸ்டிக்கைத் துப்பிவிட்டு, "சங்கிலி! சங்கிலி!" என்று கத்தினார்.

இரண்டு 'ச'. இரண்டு குட்டை விசில்.

அந்த பிளாஸ்டிக் சத்தத்துக்குக் கிரேன்காரர் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். ஆனால் இது பிளாஸ்டிக் இல்லை. இது அந்த வாயின் காற்று. பாதி ஆயுள் அதைக் கேட்ட கை, யாரையும் கேட்காமல் கைப்பிடியைத் தள்ளிவிட்டது. உத்திரக்கட்டு இறங்கியது. சங்கிலி பின்பக்கமாக விழுந்து உருண்டான். கட்டின் ஒரு முனை, ஓரத்தில் கிடந்த சூப்பர்வைசரின் நாற்காலியை அப்பளமாக்கிவிட்டு நின்றது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்கிலி எழுந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டே அழுதான். விசில்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சொல்ல வாயெடுத்தால் மறுபடி அந்தச் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

கிரேன்காரர் ஏணியில் இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. விசில்காரரைப் பார்க்காமல் சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னார். "இனிமே இவரு விசிலுக்கு நான் தூக்க மாட்டேன்."

நியாயமான பேச்சுத்தான். விசில்காரருக்கே தெரியும் நியாயம் என்று. ஆனாலும் அத்தனை பேர் முன்னால், மறுபடியும் தன் வாயைப் பற்றி, மறுபடியும் அந்த ஆள். பழைய காயத்தைக் கத்தியால் கீறியது போல இருந்தது அவருக்கு.

சூப்பர்வைசர் அலமாரியைத் திறந்து வாக்கி டாக்கிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். உறையைத் தானே பிரித்தார். "பெரியவரே, இதுல பேசறதுன்னா கிரேனுக்குக் கீழ நில்லுங்க. முடியாதுன்னா கேட்டுல உக்காந்து லாரிக்குக் கதவு திறந்து விடுங்க. ரெண்டுல ஒண்ணு. இதுக்கு மேல நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்க முடியாது."

விசில்காரர் கேட்டுக்குப் போனார். வேறென்ன செய்வார்? தன்னைக் கேலி செய்த ஒருவரோடு, கேலி செய்யப்பட்ட அதே வாயால், அதுவும் 'உய் உய்' என்று கத்திக்கொண்டிருக்கும் வாயால், கிடங்கே கேட்கிற பெட்டியில் பேசுவதா? கதவு திறப்பது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. கதவும் திறந்தார். ஆனால் காது உள்ளேயே கிடந்தது. பெட்டியில் கட்டளை சொல்லப் பயந்துபோய்ச் சங்கிலி சைகை காட்டிப் பார்க்கிறான், இடுக்கில் நிற்பவனின் கை கூண்டுக்கு எங்கே தெரியும்? கிரேன் இரண்டடி போவதும் நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை கிரேனின் மணி அடிக்கும்போதும் இவருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இந்த வேலை போனால் தான் யார்? விசில்காரர் என்று கூப்பிட்டார்கள், விசில் இல்லை. கீழே நின்று ஆட்களின் கைகாலைக் காப்பாற்றுகிறவர் என்று சொல்லிக்கொள்ளலாம், அங்கேயும் நிற்கவில்லை.

ஒரு நாள் மதியம் தங்கை சாப்பாட்டுப் பையோடு கேட்டுக்கு வந்தாள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவருவது அவள் வழக்கம். அன்றைக்கு இரண்டு டப்பா. ஒன்றை அண்ணன் மடியில் வைத்தாள். "குழைய வேக வச்சிருக்கேன். கடிக்க ஒண்ணுமில்ல, பயப்படாம தின்னு."

அவர் தின்றார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அண்ணே, உன் பல்லு நல்லாத்தான் இருக்கு. நீதான் நல்லா இல்ல."

"உன் புருஷன் என்ன சொன்னான்னு தெரியுமில்ல?"

"தெரியும். அவரு சொல்லாததும் எனக்குத் தெரியும். அன்னிக்கு வந்தவரு சோறு தொடல. கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. 'மச்சான் வாய்ச் சத்தம் கேட்டா என் கை தானாப் போவுது. சங்கிலி செத்திருந்தா மச்சான் வாயும் என் கையும் சேந்து கொன்னதா ஆயிருக்கும்'னு புலம்பினாரு. அதனாலதான் தூக்க மாட்டேன்னாரு. உன்னைக் கேவலப்படுத்த இல்ல."

"அப்ப அன்னிக்குக் கல்யாணத்துல சொன்னது?"

"அது கேவலம்தான்" என்றாள் தங்கை, யோசிக்காமல். "நான் இல்லேன்னா சொன்னேன்? அதுக்கு மன்னிப்பு அவருதான் கேக்கணும். நான் தூக்கிட்டு வருவேன்னு பாக்காதே. உங்க ரெண்டு பேருக்கும் டப்பா தூக்கறது போதாதா, அதையும் நான்தான் தூக்கணுமா? ஆனா ஒண்ணு கேளு. நீ பேசினாத்தானே அவரு பதில் பேச முடியும்? நீ வாயையே திறக்கலேன்னா அவரு எங்க போய்க் கேப்பாரு, சுவத்துக்கிட்டயா?"

டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக் கத்தின பிறகுதான் விசில்காரர் எழுந்தார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய்க் கையை நீட்டினார். சூப்பர்வைசர் வாக்கி டாக்கியைக் கொடுத்துவிட்டு விதியையும் சொன்னார். கயிற்றை ஒரு கையால் பிடித்து, மறுகையால் பித்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கை அசைய வேண்டும். தன்னிடமும் ஒரு பெட்டி இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவர் மட்டுமா? அவருடைய பெட்டி அறை வாசலில் முழுச் சத்தத்தில் அலறும். வெட்டும் மிஷின்காரன் முதல் பெருக்கும் அம்மா வரை காதைக் கொடுத்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

விசில்காரர் தயாராகத்தான் வந்திருந்தார். இரவெல்லாம் சொற்களைப் பொறுக்கி எடுத்திருந்தார். தூக்கு, இறக்கு, நிறுத்து, இடது, வலது, மெல்ல. எதிலும் 'ச' கிடையாது. 'சரி' என்பதற்குப் பதிலாக 'ஆமா'. கல்லில் நடக்கிறவன் கால் வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார்.

"தூக்கு" என்றார்.

கரகரவென்ற சத்தத்துக்குப் பிறகு மேலேயிருந்து, "தூக்கறேன்" என்று வந்தது. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அந்தக் குரல் தன்னிடம் பேசுகிறது. குரலில் கொஞ்சம் முதுமை ஏறியிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"நிறுத்து."

"நிறுத்தியாச்சு."

"வலது. மெல்ல."

"வலது, மெல்ல."

காலை முழுக்க இதேதான். மச்சானும் இல்லை, மாப்ளேயும் இல்லை. ஆளைக் கூப்பிடாமல் வெறும் கட்டளை. வெட்டும் மிஷின்காரனுக்கு ஏமாற்றமாகப் போய், தன் வேலையைப் பார்க்கத் திரும்பினான். தேங்கிக் கிடந்த சரக்கு நகர்ந்தது, லாரி ஒன்று நிறைந்து வெளியே போனது. சூப்பர்வைசர் புது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தலையாட்டினார்.

சாயங்காலம் கடைசி அடுக்கு. குழாய்க்கட்டு ஒன்று இறங்க வேண்டும். "இறக்கு" என்றார். "இறக்கறேன்" என்று வந்தது, கட்டு இறங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் ஒரு குழாய் நுனி அடுக்கில் இடிக்கப் போகிறதென்று பார்த்த சங்கிலி, அதைத் தள்ளிவிட, சொல்லாமல் கொள்ளாமல் இடுக்குக்குள் நுழைந்துவிட்டான். பொறுக்கி வைத்த சொற்கள் எல்லாம் எங்கே போயினவோ. விசில்காரர் பித்தானை அழுத்தி அலறினார்.

"நிறுத்து! சங்கிலி உள்ள இருக்கான்! சங்கிலி உள்ள, சாகப் போறான், நிறுத்து!"

ஒவ்வொரு 'ச'வும் பெட்டிக்குள் பாம்பாகச் சீறி, உய்யென்று கிளம்பி, கிடங்கு முழுக்க அடித்தது. கட்டு அந்தரத்தில் அப்படியே நின்றது.

சங்கிலி வெளியே வந்து சுவரோரம் சாய்ந்தான். மிஷின் நின்றுவிட்டது. யாரோ ஒருவன் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு விசில்காரருக்குக் கேட்டது. வாயோரம் ஈரம் வழிவதும் இப்போது தெரிந்தது. துண்டைத் தேடினார், அது கேட்டில் நாற்காலிமேல் கிடந்தது. மேலேயிருந்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும் போல இருந்தது. அந்த ஆளின் நாக்கு எப்படிப்பட்டது என்று இவருக்கா தெரியாது?

பெட்டி கரகரத்தது.

"சங்கிலி உள்ள இருக்கான். நிறுத்தியாச்சு." சுத்தமாக, ஒரு எழுத்தைக்கூட இழுக்காமல், விதிப்படி திருப்பிச் சொன்னது அந்தக் குரல். அப்புறமும் பித்தானை விடவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மச்சான்."

விசில்காரர் அண்ணாந்து பார்த்தார். இடுக்கிலிருந்து கூண்டு தெரியாது, கூரைதான் தெரிந்தது.

"மச்சான், அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி உன் வாயைக் கேலி பண்ணேன். உன் பொண்ணு கல்யாணத்துல. இப்பவும் எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, கேக்கட்டும். அது தப்பு. தப்பு என்னோடது. இப்ப உன் வாய் ஒரு உசிரைக் காப்பாத்தியிருக்கு. சிரிச்சவன் எவனோ, அவன் பல்லை நான் இறங்கி வந்து எண்ணுறேன்."

களுக்கென்றவன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். சூப்பர்வைசர் தன் பெட்டியை எடுத்து, "வேலைப் பேச்சு மட்டும் பேசுங்க" என்று ஆரம்பித்தார். பெருக்கும் அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டவும் வாயை மூடிக்கொண்டார்.

"சொன்னதைத் திருப்பிச் சொல்லு மச்சான்" என்றது மேலிருந்த குரல். கொஞ்சம் உடைந்திருந்தது. "நீ சொல்லாம என் கை அசையாது."

விசில்காரர் பித்தானை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். சங்கிலி, மிஷின்காரன், பெருக்கும் அம்மா, எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை.

"தப்பு உன்னோடது" என்றார். "உன்னோடதுதான், மாப்ளே."

பெட்டி மறுபடி கரகரத்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"சங்கிலி வெளிய வந்துட்டான். சந்து காலியா இருக்கு." இரண்டு 'ச'வும் உய் உய்யென்று கூரை வரை போயின. "மெல்ல இறக்கு, மாப்ளே."

"மெல்ல இறக்கறேன், மச்சான்."

குழாய்க்கட்டு ஆடாமல் அசையாமல் வந்து மரக்கட்டைமேல் உட்கார்ந்தது.